பொட்டு மறைந்த இரவு: மேடை லைற் பழகிய அனுபவம்

எனக்குக் கரண்ட் தெரியும். வெளிச்சம் தெரியாது என்பது ஒரு பாடசாலை மேடையில்தான் தெரியவந்தது.

11 வருடமாக வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் வேலையும் இடைக்கிடை வரும். எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் நாட்டிய நாடகம் போட்டபோது, "தம்பி, நீர் கரண்ட் ஆள்தானே, லைற்றையும் பாரும்" என்றார்கள். சரி என்றேன். ஆறு எல்இடி பார் (PAR) லைற், டப்பா மாதிரி இருக்கிற மேடை விளக்கு, வாடகைக்கு எடுத்தேன். எல்லாம் எரிந்தால் வேலை முடிந்தது என்பதுதான் அன்றைக்கு என் எண்ணம்.

கதாநாயகிக்குப் பச்சைப் பட்டு. கணவனோடு சண்டை பிடிக்கும் காட்சி. கோபம் என்றால் சிவப்பு என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது, ஆறு லைற்றையும் முழுச் சிவப்புக்கு ஏற்றினேன். சேலை கறுப்பாகிவிட்டது. அதைக்கூட ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் நெற்றியில் இருந்த குங்குமப் பொட்டு இல்லாமல் போய்விட்டது. முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி, சபைக்கே கேட்கிற மாதிரி, "புருசன் பக்கத்தில நிக்கிறான், பிள்ளையின்ர பொட்டு எங்க?" என்றார். சபை சிரித்தது, கோபக் காட்சி அத்தோடு சரி. அந்தப் பிள்ளை உள்ளே வந்து அழுதது. அவள் என் அக்காவின் மகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

பிறகு ஆறுதலாக யோசித்துப் பார்த்தால் விசயம் எளிது. பச்சைத் துணி பச்சையைத்தான் திருப்பி அனுப்பும். வெறும் சிவப்பு ஒளி விழுந்தால் அதனிடம் திருப்ப ஒன்றுமில்லை, கறுக்கும். குங்குமம் சிவப்பை நன்றாகத் திருப்பும், தோலும் அப்படியே திருப்பும். இரண்டும் ஒரே அளவு பளிச்சென்று நின்றால் பொட்டு எப்படித் தெரியும்? உதட்டுச் சாயத்துக்கும் அதே கதிதான். ஜெல் தாள் என்கிற கலர் தாளை முன்னால் போட்ட பழைய லைற்றில், தாளைப் பொறுத்து, மற்ற நிறங்களும் கொஞ்சம் கசிந்து வரும். எல்இடியின் சிவப்பு குறுகிய பட்டை, தப்ப இடமே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டி 'வெள்ளை' போட்டாலும் முகத்தில் ஒரு நோயாளிக் களை வரும். பார்த்திருப்பீர்கள்.

அதன்பிறகு நான் வெளிச்சம் பழகியது ஒரு தேங்காயில். சிரிக்க வேண்டாம். உரித்த தேங்காயின் குடுமியைப் பிய்த்தால் மூன்று கண்ணும் தெரியும், ஒரு சின்ன முகம் மாதிரி. கோதுமை மாவைக் குழைத்து மூக்கு ஒட்டினேன். இரவில் குசினி லைற்றை அணைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்ப்பேன். கீழேயிருந்து அடித்தால் பேய். உச்சியிலிருந்து அடித்தால் குழி மட்டும்தான் மிச்சம், கண் இல்லை. நேர் முன்னாலிருந்து அடித்தால் அடையாள அட்டைப் படம். சரிந்த பக்கமாக, கொஞ்சம் உயரத்திலிருந்து அடித்தபோதுதான் மூக்குக்கு மூக்கு வந்தது. ஒரு கன்னம் இருட்டாகக் கிடந்தது, அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு டோர்ச். "சம்பலுக்குத் தேங்காய் வேணும், நாடகம் முடிஞ்சுதா?" என்று மனைவி கேட்கும்வரை இது நடக்கும்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த ஸ்டான்லி மக்கன்ட்லஸ் என்பவர் 1932இலேயே இதை ஒரு முறையாக எழுதி வைத்துவிட்டார் என்று பிறகுதான் அறிந்தேன். மேடையைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு லைற், இடமும் வலமும் 45 பாகை சரித்து, மேலேயிருந்தும் 45 பாகையில் விழ வேண்டும். ஒன்று மஞ்சள் சாய்ந்த இளஞ்சூடான நிறம், மற்றது நீலம் சாய்ந்த குளிர்ந்த நிறம். என் தேங்காய் என்னைப் பாதித் தூரம் கொண்டுபோயிருந்தது, மீதியை அவர் சொன்னார்.

ஆனால் அவர் சொன்னதை எங்கள் மண்டபத்தில் கட்டுவது வேறு கதை. மேடை 1 மீற்றர், அதில் நிற்கிற பிள்ளையின் முகம் இன்னும் 1.5 மீற்றர். 4 மீற்றர் தள்ளி லைற் கட்டினால், 45 பாகைக்கு அது தரையிலிருந்து 6.5 மீற்றரில் இருக்க வேண்டும். எங்கள் கூரை வளையே 5 மீற்றர்தான். சரி, கிடைத்தது 32 பாகை. ஜிஐ பைப்பை வளையோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒவ்வொரு லைற்றுக்கும் தனியாகப் பாதுகாப்புச் சங்கிலி போட்டேன். கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்தச் சங்கிலியில் மட்டும் ஒருவரும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். எல்லாம் கட்டி ஏற்றிப் பார்த்தால் மேடை முழுக்க வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கிறது. லைற்றுக்கும் மேடைக்கும் நடுவில் சீலிங் ஃபேன்! நிறுத்தினால் சபை வெந்துவிடும், போட்டால் நாடகம் வெட்டுப்படும். முன் இரண்டு ஃபேனை மட்டும் நிறுத்தி, அந்த வரிசைக்குக் கையில் விசிறி கொடுத்தோம்.

மின்சாரப் பக்கத்தை எழுதத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன், ஆனாலும் ஒன்று. பழைய 1000 வாட் ஹலஜன் பார் லைற் 230 வோல்ற்றில் கிட்டத்தட்ட 4.35 அம்பியர் இழுக்கும். நாலைச் சேர்த்து ஒரே 15 அம்பியர் சொக்கற்றில் கொடுத்தால் 17ஐத் தாண்டும். மூன்றோடு நிறுத்துங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரையும் சவுண்ட்ஸையும் ஒரே லைனில் போட்டால் ஸ்பீக்கரில் வண்டு இரையும்.

அடுத்த முறை கோபக் காட்சிக்குச் சிவப்பைப் பின்னாலிருந்து கொடுத்தேன், தோளும் தலைமுடியும் மட்டும் சிவக்கிற மாதிரி. முகத்துக்கு முன்னாலிருந்து மெல்லிய அம்பர், அதாவது செம்மஞ்சள், மட்டும். பொட்டு கடைசிவரை இருந்தது. அக்கா மகள் மட்டும் பச்சையை விட்டு மஞ்சள் பட்டு உடுத்தினாள். என்னை இன்னும் நம்பவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

உவர்மலையிலிருந்து, நடன ஆசிரியை:

தம்பி, ஆச்சி கேட்டது நியாயமான கேள்விதான். முகபாவம் காட்டுகிற அபிநயத்துக்குக் கண்தான் எல்லாம். என் மாணவி ஒருவரின் அரங்கேற்றத்தில் லைற்காரர் புகை மெசினைப் போட்டுவிட்டார். பதம் என்கிற அபிநயப் பாட்டின் நடுவில் பாடகருக்கு இருமல். அதற்கு மேல், சுழல்கிற லைற் சபையின் கண்ணுக்குள்ளேயே அடித்தது. தாய்மார் பாதிப் பேர் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடனம் பார்த்தார்கள்.

முன் வெளிச்சத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். நடனத்துக்கு அது போதாது. பக்கத் திரைக்குள்ளிருந்து, முழங்கால் உயரத்திலும் தோள் உயரத்திலும் வெளிச்சம் வந்தால்தான் முழங்காலை மடித்து நிற்கிற அரைமண்டியின் வடிவம் தெரியும், உடுப்பின் விசிறி மடிப்பு விரிவது தெரியும். முன்னால் மட்டும் போட்டால் பிள்ளைகள் பின் திரையில் ஒட்டிய படம் மாதிரி இருப்பார்கள். பக்க லைற்றில் நிழல் சபையின் கண்ணுக்குப் படாமல் எதிர்ப்பக்கத் திரைக்குள் போய் விழும், அதுவும் ஒரு வசதி.

ஒரு குறையும் சொல்கிறேன். லைற்காரர் ஒத்திகைக்கு வருவதே இல்லை. நிகழ்ச்சி நாள் பின்னேரம் நாலு மணிக்கு வந்து "என்ன கலர் வேணும் ரீச்சர்?" என்பார். ஜதி (தாளச் சொற்கட்டு) எங்கே முடியும், பிள்ளை எந்த மூலையில் நிற்கும் என்று தெரியாமல் கலரை வைத்து நான் என்ன செய்ய?

*

தம்பலகாமத்திலிருந்து, தமிழ் ஆசிரியர்:

ஃபேன் கதையை வாசித்ததும் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு வருகிறது: கோல் என்கிற அளவுத் தடியால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். அங்கேயே விளக்குக்கும் ஒரு வரி இருக்கிறது: "தூண்நிழற் புறப்பட மாண்விளக் கெடுத்து". தூணின் நிழல் அரங்கிலும் அவையிலும் விழாமல் வெளியே போகிற மாதிரி விளக்கை நிறுத்த வேண்டும் என்பது பொருள். எத்தனை விளக்கு, என்ன நிறம் என்று கவிஞர் கவலைப்படவில்லை, நிழல் எங்கே விழும் என்றுதான் பார்த்திருக்கிறார். உங்கள் ஃபேன்தான் அவர்களுடைய தூண்.

நாடகமும் அரங்கியலும் பாடமாக எடுக்கிற என் பிள்ளைகள் ஒளியமைப்பைப் பற்றி நன்றாக விடை எழுதுவார்கள். ஒரு லைற்றைக் கையால் திருப்பிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். தேங்காய் வேலையை நாளைக்கே செய்து காட்டப் போகிறேன்.

*

நிலாவெளியிலிருந்து, சவுண்ட்ஸ் வேலை செய்பவர்:

கடற்கரை மேடையா? இரவு நிகழ்ச்சிக்குப் பகலே வந்து வயர் முனையைப் பாருங்கள். உப்புக் காற்றில் பிளக்கின் உலோகப் பின் எல்லாம் பச்சை பிடிக்கும். ஒரு தடவை வரிசையில் ஏழாவது லைற்றிலிருந்து எல்லாம் தன் பாட்டில் துடித்தது. லைற்றுகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற டிஎம்எக்ஸ் வயருக்குப் பதிலாக மைக் வயரையே போட்டிருந்தோம், கடைசி லைற்றில் சிக்னல் திரும்பி வராமல் தடுக்கிற 120 ஓம் டெர்மினேற்றரும் இல்லை. இரண்டையும் சரிசெய்ததும் அடங்கியது. சபை அதை ஸ்பெசல் எஃபெக்ட் என்று நினைத்துக் கை தட்டியது, நாங்களும் மறுக்கவில்லை.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை போடாமல் லைற் நிறுத்த வேண்டாம்.

*

மூதூரிலிருந்து, கூத்துப் பார்த்து வளர்ந்தவர்:

நாங்கள் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்த ஆட்கள். காற்றுக் குறைந்து வெளிச்சம் மங்கினால் யாராவது எழும்பிப் போய்ப் பம்ப் அடிப்பார்கள், அரசன் அதுவரை ஆடிக்கொண்டே நிற்பான். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அரசனின் முடியில், அதாவது கிரீடத்தில், பதித்த கண்ணாடித் துண்டு ஒவ்வொரு சுழற்சிக்கும் மினுங்கும்.

போன வருடம் அதே கூத்தை எல்இடி போட்டு மண்டபத்தில் ஆடினார்கள். எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம், கண்ணாடி செத்துப்போய்க் கிடந்தது. கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருக்கு அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை, "முடி பழசாப் போச்சு போல" என்றார். முடி பழசாகவில்லை. அது புது முடி.

*

முதலில் எழுதியவர்:

ரீச்சர், குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். நானும் முதல் நிகழ்ச்சிக்கு நாலு மணிக்குப் போன ஆள்தான். இப்போது குறைந்தது இரண்டு ஒத்திகை பார்க்கிறேன். ஒரு கொப்பியில் பாட்டு வரியை எழுதி, எந்தச் சொல்லில் எந்த லைற் மாறும், எத்தனை செக்கனில் மாறும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். முழங்கால் உயர லைற்றை நான் யோசித்ததே இல்லை. தேங்காய்க்குக் கால் கிடையாதே.

மூதூர் அண்ணா, கண்ணாடி மினுங்க ஒரு சின்ன இடத்திலிருந்து வருகிற, கூரான வெளிச்சம் வேண்டும். பரந்த எல்இடி எல்லாத் திசையிலும் நிரப்பிவிடுவதால் மினுக்கம் எடுபடாது. பக்கவாட்டில் ஒற்றை ஹலஜன் ஸ்பொட் ஒன்று, தாளில்லாமல், பாதிக்கு டிம் பண்ணி வைத்துப் பார்க்கலாம். ஹலஜனைக் குறைத்தால் தானாகவே மஞ்சளாகும், பெற்றோல்மக்ஸுக்குக் கிட்ட வரும். அடுத்த கூத்து எப்போது என்று சொன்னால் நானே கொண்டுவந்து கட்டிப் பார்க்கிறேன், கூலி வேண்டாம், எப்படியும் வந்து சேர்கிறேன்.

அப்புறம், திருகோணமலைக்குள் யாரிடமாவது வளைய வளையமாக வரி போட்ட வில்லை வைத்த பழைய ஃபிரெனல் லைற் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். பல்ப் போனதாக இருந்தாலும் பரவாயில்லை, வில்லை உடையாமல் இருந்தால் போதும்.