துப்பாக்கிப் பேரலை வெட்டுனா கதவு அகலத்துக்குப் பரவுமாம்!

முந்திரித்தோப்பு (பண்ருட்டி) – இரவு 8.40
நேத்து ஒரு அண்ணன் போட்டிருந்தார்: "12 போர் (குழலோட உள்ளளவு) ஒத்தக்குழல் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க பேரலை 28 அங்குலத்துலேருந்து 18க்கு வெட்டிடுங்க. பைக்ல மாட்டிக்கினு போலாம். சுட்டா ரவை (தோட்டாவுக்குள்ள இருக்கிற பொடி ஈயக் குண்டு) கதவு அகலத்துக்குப் பரவும், குறியே பாக்க வேணாம்." அதுக்குக் கீழ கைதட்டல் வேற. படிச்சதுலேருந்து வயிறு எரியுது. யாராவது இதை நம்பி ரம்பத்தை எடுத்தா அவன் கதி என்ன? ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 6: அதுக்குன்னு தனி லைசென்ஸ் இல்லாம பேரலைக் குறுக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் தண்டனை ஏழு வருஷத்துல ஆரம்பிக்குது, ஆயுள் வரைக்கும் போகும்.

என் விஷயம் வேற. அப்பா பேர்ல இருந்த ஒத்தக்குழல் முறைப்படி என் பேருக்கு வந்திருக்கு. ராத்திரி தோப்பைச் சுத்தி வரணும். முந்திரிக் கிளை தரையோட படர்ந்து கிடக்கும், நாலடி நீளத்தைத் தூக்கிக்கினு குனிஞ்சு போனா ஒவ்வொரு கிளையும் பிடிச்சு இழுக்குது. பேரலைத் தொடாம கைக்கு அடக்கமா ஆக்க வழி உண்டா? கட்டை, வார், உறை, எதுவானாலும் சொல்லுங்க.

பழைய தோட்டா (கடலூர் முதுநகர்) – 8.58
தம்பி, சட்டத்தைச் சொன்னீங்க, சரி. ஆனா அந்த ஆளு சொன்ன பொய்யை விட்டுட்டீங்களே. பரவுறதுக்கும் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. சோக். பேரல் வாயில கடைசி ரெண்டு மூணு அங்குலம் உள்ளுக்குள்ள கூம்பி வரும் பாருங்க, அதான். ஃபுல் சோக்னா 40 கஜத்துல 30 அங்குல வட்டத்துக்குள்ள நூத்துக்கு 70 ரவை விழும். சோக்கே இல்லாத குழல்ல 40தான். அதுவும் 10 கஜத்துல 19 அங்குலம்தான் விரியும். இவரு சொல்ற கதவு அகலம் வரணும்னா 20 கஜம் தள்ளி நின்னு சுடணும். வீட்டுக்குள்ள அஞ்சு தப்படியில சுட்டா ஒரு தட்டு அளவு. குறி பாக்க வேணாமாம்!

சொல்தா பேரன் (புதுச்சேரி, குருசுக்குப்பம்) – 9.05
அந்தப் பதிவு போட்டது நான்தான். "ஒரு அண்ணன்"னு மூடி மறைக்க வேணாம். வெட்டச் சொன்னது வாய் தவறி வந்துடுச்சு, சட்டம் எனக்கும் தெரியும், அந்த வரியை எடுத்துட்டேன். ஆனா பரவும்ங்கிறதை எடுக்க மாட்டேன். எங்க தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல சொல்தா, அதாவது சிப்பாய். அவர் கொண்டாந்த செந்தேத்தியன் (பிரான்ஸ்ல துப்பாக்கி செய்ற ஊரு) முத்திரை போட்ட ஒத்தக்குழல், சின்னப் பேரல். தென்னை மட்டையில சுட்டதை இந்தக் கண்ணால பாத்திருக்கேன். பரவுச்சு. குட்டையா இருந்தா பரவும். அவ்வளவுதான்.

பழைய தோட்டா – 9.11
அது என்ன போர்?

சொல்தா பேரன் – 9.12
கேலிபர் 36.

பழைய தோட்டா – 9.14
அடேங்கப்பா. அப்ப அது 12 போரே இல்லை. நம்ம ஊர்ல .410ன்னு சொல்றது. தோட்ட வேலிக்குள்ள எலி, பறவைன்னு சுடுறதுக்குப் பண்ணின சாமான். சோக்கே இல்லாமயும் வரும். அதை வெச்சுக்கினு 12 போருக்கு நியாயம் பேசுறாரு முசியே!

கெடிலம் (நெல்லிக்குப்பம்) – 9.20
ஒரு சந்தேகம். பரவுதுன்னா எதைச் சொல்றோம்? வட்டத்தோட அகலமா, வட்டத்துக்குள்ள ரவை எவ்வளவு நெருக்கமா விழுதுங்கிறதா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டா பேச்சு சுலபம்.

சொல்தா பேரன் – 9.21
முசியேன்னு நக்கல் வேணாம் ஐயா. 36ன்னா 36. நானூத்திப் பத்து போர்னு உலகத்துல ஒண்ணு கிடையாது.

பழைய தோட்டா – 9.29
கிடையாதுதான்! நானா இருக்குன்னேன்? 12 போர்னா ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னெண்டு குண்டா உருட்டினா அந்தக் குண்டு உள்ள போற அளவு, 18.5 மில்லிமீட்டர். .410ங்கிறது நேரா அங்குல அளவு. குண்டுக் கணக்குல பாத்தா 67, 68 வரும். உங்க 36ம் அந்தக் கணக்குக்கு வராது, வெறும் பேருதான். ரெண்டும் பேரு. ஆனா சோக் பேரு இல்லை. சோக் இருக்கு, இல்லைன்னு ரெண்டே நிலை.

பாகூர் ஏரிக்கரை – 9.33
ரெண்டே நிலையா? அரை, கால், முக்கால்னு இல்லையா பெரியவரே?

பழைய தோட்டா – 9.34
இருக்கு. வாதத்துக்குச் சொன்னேன். குறுக்க வராதீங்க.

அலைபேசி அலெக்ஸ் (முத்தியால்பேட்டை) – 9.41
அமெரிக்காக்காரன் வீடியோவுல ஸ்நேக் சார்மர்னு ஒண்ணு காட்றான். .410, ஒத்தை, ஸ்டெயின்லெஸ். முதுகுப்பைக்குள்ள போயிடும். கட்டைக்குள்ளயே தோட்டா ஒளிச்சு வைக்கலாம். பேரல் 18 அங்குலம், பொடிசா ஒரு கூடுதல். ஏன்னா அங்க 1934லேருந்தே 18க்குக் கீழ போனா தனிப் பதிவு வேணும். பாருங்க, அவங்களும் அளவைப் பாத்துத்தான் செய்றாங்க.

முந்திரித்தோப்பு – 9.44
அது இங்க கிடைக்காது தம்பி. நான் கேட்டது...

சொல்தா பேரன் – 9.45
பாத்தீங்களா? அமெரிக்காக்காரனே குட்டையாத்தான் வெச்சிருக்கான். ஏன்? பரவுறதுக்கு.

பழைய தோட்டா – 9.52
பைக்குள்ள போறதுக்கு! பாம்புக்குப் பக்கத்துல போய்ச் சுடுறதுக்கு! இன்னொரு தடவை சொல்றேன். 32 அங்குலப் பேரல்ல சோக் இல்லாம சுடு, 20 அங்குலப் பேரல்ல சோக் இல்லாம சுடு. விரியறது ஒண்ணுதான். குட்டையில வேகம் கொஞ்சம் குறையும், அங்குலத்துக்கு ஒரு அஞ்சு பத்து அடி. சத்தம் காதைப் பிளக்கும். நெருப்பு கண்ணைக் கூசும். வேற ஒரு மயிரும் மாறாது.

கெடிலம் – 9.55
ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே சொல்றீங்க? வாயை வெட்டினா சோக் இருக்கிற பகுதி போயிடும். சோக் போனா பரவும்.

பழைய தோட்டா – 9.56
அதைத்தான் நானும் சொல்றேன். காரணம் நீளம் இல்லை.

சொல்தா பேரன் – 9.56
அதைத்தான் நானும் சொல்றேன். வெட்டினா பரவும்.

பாகூர் ஏரிக்கரை – 10.03
பண்ருட்டித் தம்பிக்கு யாரும் பதில் சொல்லலை. எங்கிட்டயும் ஒத்தைதான். முன்கட்டையைக் கழட்டினா பேரல் தனியா வந்துடும். ரெண்டு துண்டா பையில போட்டுத் தோப்பு வரைக்கும் கொண்டு போங்க. பொது இடத்துல எப்படியும் உறைக்குள்ள மூடித்தான் எடுத்துக்கினு போகணும், 2016 விதி. தோள் கட்டை உங்க கைக்கு நீளமா இருந்தா ஆசாரிகிட்ட ஓரளவு இழைச்சுக்கலாம், அது பேரல் இல்லை. ரொம்பக் குறைச்சுடாதீங்க. சுடும்போது கட்டைவிரல் மூக்குல வந்து இடிக்கும். எனக்கு இடிச்சது, ஒரு வாரம் மூக்கு சிவந்து கிடந்தது, வீட்டுல குடிச்சிட்டு விழுந்தேன்னே நினைச்சாங்க. பின்னாடி ரப்பர் அட்டை போடுங்க, லேசான ஒத்தைக்கு உதை ஜாஸ்தி. முனையில குறி பாக்க இருக்கிற பித்தளை மணிக்கு வெள்ளை பெயிண்டு ஒரு பொட்டு, இருட்டுல தெரியும்.

அப்புறம் லைசென்ஸ்ல எல்லை எதுவரைக்கும்னு பாருங்க. எனக்குப் புதுச்சேரி மட்டும்தான். கரும்பு பாதி பாகூர்ல, பாதி அந்தப் பக்கம் ரெட்டிச்சாவடிகிட்ட. வரப்பைத் தாண்டினா நான் குற்றவாளி!

அலைபேசி அலெக்ஸ் – 10.06
முள்ளோடை செக்போஸ்ட்ல சரக்கு பாட்டிலுக்குத்தான் பையைத் திறப்பாங்க, துப்பாக்கி இருந்தா பயந்து விட்டுடுவாங்க 😂

பாகூர் ஏரிக்கரை – 10.07
சிரிங்க. 2021 தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு திரும்ப வாங்கினப்ப என் பேரல் உள்ள செம்மண் ரோடு மாதிரி துரு. யார்கிட்ட போய்ச் சொல்றது?

பழைய தோட்டா – 10.15
எண்ணெய் போட்டுக் கொடுத்திருக்கணும். கடலோரக் காத்து உப்பு. தோல் உறைக்குள்ள வெச்சா இன்னும் மோசம், தோல் ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். தானே புயல்ல, 2011 டிசம்பர் 30, எங்க வீட்டு ஓடு பூரா பறந்துது. தோல் உறையில இருந்த ரெட்டைக்குழல் போச்சு. கோணியில சுத்தி எண்ணெய் தடவி வெச்ச ஒத்தை இன்னிக்கும் சுடுது.

முந்திரித்தோப்பு, உங்க அப்பா காலத்துத் துப்பாக்கின்னா அறை (பேரல்ல தோட்டா உக்கார்ற இடம்) நீளம் பாருங்க. 65 மில்லிமீட்டரா, 70ஆ? பேரல்ல குத்தியிருக்கும். 70 தோட்டா 65 அறையில அழகா உள்ள போகும், ஏன்னா அந்த 70ங்கிறது சுட்டு வாய் விரிஞ்சதுக்கு அப்புறம் உள்ள நீளம். விரிய இடம் இல்லைன்னா அழுத்தம் ஏறும். கைக்கு அடக்கம்னு பேசறதுக்கு முன்னாடி கை மிஞ்சணும். வெட்டினா பரவும்னு சொல்றவங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

சொல்தா பேரன் – 10.18
ஏன் சம்பந்தமில்லாம என்னை இழுக்கிறீங்க? எங்க தாத்தா 1954க்கு முன்னாடியே துப்பாக்கி பிடிச்சவரு. உங்க ஊருல அப்ப வெள்ளைக்காரன் போயி ஏழு வருஷம்.

பழைய தோட்டா – 10.20
உங்க ஊரு சட்டப்படி சேந்தது 1962. தேதியாவது ஒழுங்கா சொல்லுங்க.

சொல்தா பேரன் – 10.21
நவம்பர் 1, 1954தான் விடுதலை நாள். கடலூர்க்காரர் எங்களுக்குத் தேதி சொல்றாரு!

கெடிலம் – 10.30
பேச்சு பேரல்ல ஆரம்பிச்சது. அது இருக்கட்டும், முந்திரித்தோப்பு எதைச் சுடப் போறாரு? பன்னியைச் சுட விவசாயிக்கு அனுமதி இல்லை, காட்டுக்கு ரொம்பத் தள்ளி வந்ததைக்கூட வனத்துறைதான் சுடணும். மயில் மேல கை வெச்சா உள்ளயே உக்காரணும்.

முந்திரித்தோப்பு – 10.34
எதையும் சுடலை. திருட்டுப் பயலுங்க வராம இருக்கத்தான். தோள்ல தொங்குறதைப் பாத்தாலே போதும்.

சொல்தா பேரன் – 10.36
அப்ப சோக் எதுக்கு, பரவல் எதுக்கு? இவ்வளவு நேரம் அந்தப் பெரியவர் யாருக்குப் பாடம் எடுத்தாரு?

பழைய தோட்டா – 10.41
உங்களுக்கு. 40 கஜத்துக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கட்டி, முறையான சுடுதளத்துல, ரெண்டு பேரல்லயும் சுட்டுக் காட்டுறேன். வாங்க.

சொல்தா பேரன் – 10.42
தாள் யார் கொண்டு வரது? நீங்க கொண்டு வந்தா நான் ஒத்துக்க மாட்டேன்.

பாகூர் ஏரிக்கரை – 10.45
தாளுலயுமா கள்ளத்தனம் பண்ணுவாரு!

பழைய தோட்டா – 11.58
தூக்கம் வரலை. சொல்தா பேரன், ஒண்ணே ஒண்ணு. உங்க வரியில "வெட்டினா"ங்கிறதை எடுத்துட்டு "சோக் இல்லைன்னா"ன்னு போடுங்க. நான் இதோட பேச்சை விட்டுடறேன்.

சொல்தா பேரன் – 12.02
போட மாட்டேன்.