ஆங்கிலத்தில் பாசிவ் வாய்ஸ் கூடவே கூடாதா?

நீலமை:
நான் ஆங்கிலத்தில் இயந்திரக் கையேடுகள் எழுதுகிறவள். போன வாரம் எழுதிய பத்துப் பக்கத்தில் திருத்தும் மென்பொருள் 23 இடத்தில் கோடு போட்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே குற்றச்சாட்டு: பாசிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டு வினை. மேலாளரும் பார்த்துவிட்டு, "ஒண்ணு விடாம ஆக்டிவா மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்.

மாற்ற உட்கார்ந்தேன். நான் எழுதியிருந்த வரி இது: "தி வால்வ் இஸ் க்ளோஸ்டு பிஃபோர் தி டேங்க் இஸ் ஃபில்டு." இதைச் செய்வினையாக்க வேண்டுமென்றால் வால்வை மூட ஓர் ஆள் வேண்டும். "தி ஆபரேட்டர் க்ளோசஸ் தி வால்வ்" என்று போட்டேன். கோடு மறைந்துவிட்டது. ஆனால் அந்த வால்வை எந்த ஆபரேட்டரும் மூடுவதில்லை, கட்டுப்பாட்டுப் பெட்டிதான் மூடுகிறது. உண்மையாக இருந்த வாக்கியத்தை விதிக்காகப் பொய்யாக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

செயப்பாட்டு வினை என்றாலே பலவீனம் என்று சொல்லிக்கொடுப்பது தவறு. இதுதான் என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

பிழைதிருத்தி:
மறுக்கிறேன் மேடம். உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. "தி வால்வ் இஸ் க்ளோஸ்டு" என்பதைக் கையில் ஸ்பேனரோடு நிற்கும் ஒருவர் படிக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு மூன்று அர்த்தம் வரும். நான் மூட வேண்டுமா? தானாக மூடிக்கொள்ளுமா? இல்லை, ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறதா? மூன்றுக்கும் அந்த வாக்கியம் பொருந்தும். யார் மூடுவது என்று நீங்கள் சொல்லாததால்தான் பின்னால் தவறான ஆளைப் பிடித்துப் போட நேர்ந்தது.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே 1980களில் ஓர் எளிய ஆங்கிலத்தை வரையறுத்தார்கள். இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. செய்முறைப் படிகளில் செய்வினை மட்டும்தான் என்பது அதில் ஒரு விதி. அழகுக்காக வைத்த விதி இல்லை அது. படிக்கிறவருக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாமல் இருக்கலாம், ஒரு போல்ட்டை யார் முறுக்குவது என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செயப்பாட்டு வினை ஒளிந்துகொள்ள வசதியான இடம். 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன் நாடாளுமன்ற உரையில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றிப் பேசும்போது, "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்றார். தவறுகள் செய்யப்பட்டன. யார் செய்தார்கள்? வாக்கியத்தில் ஆளே இல்லை. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இலேயே, செய்வினையில் சொல்ல முடிகிற இடத்தில் செயப்பாட்டு வினையைப் போடாதீர்கள் என்று எழுதிவைத்தார். எனக்கு அது போதும்.

நீலமை:
மூன்று அர்த்தம் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன் சார். அந்த வரியை எப்படியும் திருத்துவேன். ஆனால் மற்ற இரண்டையும் அப்படியே விட முடியாது.

ஆர்வெல் அந்த விதியைச் சொன்ன அதே கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே "இட் இஸ் ஜெனரலி அஸ்யூம்டு" என்று இருக்கிறது. பொதுவாக அப்படிக் கருதப்படுகிறதாம். யார் கருதுகிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவை இல்லாததால் சொல்லவில்லை. அதில் தப்பே இல்லை. விதிதான் தப்பு.

ரீகன் வாக்கியத்துக்கு வருவோம். அதை "மிஸ்டேக்ஸ் ஹேப்பண்ட்" என்று மாற்றுங்கள். சுத்தமான செய்வினை. பொறுப்பேற்க ஆள் வந்துவிட்டாரா? இப்போது "மிஸ்டேக்ஸ் வேர் மேட் பை மீ" என்று எழுதுங்கள். செயப்பாட்டு வினைதான், ஆனால் குற்றவாளி நடுக்கூடத்தில் நிற்கிறார். ஒளிய நினைப்பவருக்கு எந்த வினையும் உதவும். இலக்கணத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் ஒளிகிற ஆளைத் தேடுவதை விட்டுவிடுவோம்.

வகுப்பறை:
இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் நானும் வருகிறேன். நீங்கள் இருவரும் பேசாத ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்துக்குச் செயப்பாட்டு வினை எதற்காக வேண்டியிருக்கிறது, தமிழுக்கு ஏன் அவ்வளவாக வேண்டியதில்லை?

தமிழில் "பாம்பைக் கீரி கொன்றது" என்கிறோம். "கீரி பாம்பைக் கொன்றது" என்றாலும் கொன்றது கீரிதான். பாம்போடு ஒட்டியிருக்கும் அந்த ஐ உருபு, அது வாக்கியத்தில் எங்கே போய் உட்கார்ந்தாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது, இடம்தான் உருபு. பாம்பை அப்படியே முன்னால் தூக்கி வைத்தால் பாம்பு கீரியைக் கொன்றதாகிவிடும். கதை பாம்பைப் பற்றியது, பாம்பில்தான் தொடங்க வேண்டும் என்றால் அந்த மொழிக்காரனுக்கு இருக்கிற நேர்வழி, "தி ஸ்னேக் வாஸ் கில்டு." நாம் ஓர் எழுத்தில் முடிக்கிற வேலைக்கு அவர்கள் வினையையே மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லாமல் நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? எழுவாயை எடுத்துக் கடைசியில் போடு, முன்னால் "பை" சேர், வினையை மூன்றாம் வடிவமாக்கு. கணக்குப் போடுகிற மாதிரி. "ஓப்பன் தி டோர்" என்பதை "லெட் தி டோர் பி ஓப்பண்ட்" என்று மாற்றச் சொல்லி மதிப்பெண் போடுகிறோம். அப்படி யார் யாரிடம் பேசுவார்கள்? அந்தப் பயிற்சியை நானே எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்காக வருத்தப்படுகிறேன்.

எதற்கெடுத்தாலும் "பை" போடும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். ராண்டால்ஃப் குவர்க்கும் மற்ற மூவரும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணத்தில், செயப்பாட்டு வாக்கியங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்குக்கு "பை" பகுதியே இருக்காது என்கிறார்கள். நாம் பிள்ளைகளுக்கு ஐந்துக்கு ஐந்தும் அதோடுதான் கொடுக்கிறோம்.

முதல்படி:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுகிறேன். "தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட் எஸ்டர்டே" என்று எழுதினேன், தவறு என்று அடித்துவிட்டார்கள். விபத்து தானாக எதையும் செய்யவில்லையே, அப்படியானால் அது பாசிவ்தானே?

வகுப்பறை:
இதில் மன்னிப்புக்கு என்னப்பா இருக்கிறது, நல்ல கேள்வி. உன் தர்க்கம் சரியாகத்தான் ஓடுகிறது, இடறிய இடம் வேறு. செயப்பாட்டு வினை வேண்டுமென்றால் அந்த வினைக்கு முதலில் ஒரு செயப்படுபொருள் இருக்க வேண்டும். "எதை" என்று கேட்டுப் பார். உடைத்தான், எதை? கண்ணாடியை. அதனால் "தி கிளாஸ் வாஸ் ப்ரோக்கன்" வரும். நடந்தது, எதை? கேள்வியே நிற்கவில்லை. "ஹேப்பன்", "அரைவ்", "டை", "டிஸப்பியர்" எல்லாம் அந்தச் சாதி. இவற்றுக்குச் செயப்பாட்டு வடிவமே கிடையாது. "தி ஆக்சிடென்ட் ஹேப்பண்ட்", அவ்வளவுதான்.

நீ இடறியதற்குத் தமிழும் ஒரு காரணமாக இருக்கலாம். "விபத்து ஏற்பட்டது" என்கிறோம் இல்லையா, அதற்குள் ஒரு "படு" இருக்கிறது. ஆனால் அது செயப்பாட்டு வினை இல்லை. ஆசைப்பட்டான், கஷ்டப்பட்டாள், வெட்கப்பட்டான், இவற்றிலும் "படு" உண்டு, செயப்பாட்டு இல்லை. "எழுதப்பட்டது" என்பதில் வருவதுதான் அது. பார்க்க ஒன்றுபோல இருப்பதால் "படு" வந்த இடமெல்லாம் "வாஸ்" போட்டுவிடுகிறோம்.

ஆய்வேடு:
ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. "நான்" என்றோ "நாங்கள்" என்றோ எழுதினால் அது அறிவியல் ஆகாது என்று சொல்லி என்னை வளர்த்தார்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த 1953ஆம் வருடத்துக் கட்டுரை "வீ விஷ் டு சஜஸ்ட்" என்றுதான் தொடங்குகிறது. வாட்சனும் கிரிக்கும் முதல் சொல்லிலேயே முன்னால் வந்து நிற்கிறார்கள். கருத்து எங்களுடையது, தப்பானால் நாங்கள்தான் பொறுப்பு என்று அந்த "வீ" சொல்லிவிடுகிறது.

ஆனால் செய்முறைப் பகுதியில் "மாதிரிகள் 90 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டன" என்பதற்குப் பதிலாக ஒவ்வொரு வரியிலும் நாங்கள் சூடாக்கினோம், நாங்கள் ஆறவைத்தோம், நாங்கள் வடிகட்டினோம் என்று எழுதிப் பாருங்கள். மாதிரிக்கு என்ன ஆயிற்று என்று பின்தொடர வேண்டிய கண் எங்கள் மேலேயே வந்து முட்டிக்கொண்டிருக்கும். யார் சூடாக்கினாலும் முடிவு அதேதான் வர வேண்டும், சோதனை என்பதே அதற்குத்தான். ஒரே கட்டுரையில் எனக்கு இரண்டும் வேண்டும்.

பிழைதிருத்தி:
வகுப்பறை ஐயா சொன்ன இட விஷயம் எனக்கு இதுவரை தோன்றாதது. நன்றி. ஆய்வேடு சொன்ன செய்முறைப் பகுதியையும் ஏற்கிறேன். மற்றதில் நகர மாட்டேன்.

நான் தினமும் பார்ப்பது நல்ல எழுத்தாளர்களின் செயப்பாட்டு வினையை இல்லை. "இட் வாஸ் டிசைடட் தட் தி ப்ராஜெக்ட் ஷுட் பி ஸ்டாப்டு" மாதிரிப் பக்கம் பக்கமாக வரும் வரிகளை. எனக்கே ஒருமுறை ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது: "யுவர் ரெக்வெஸ்ட் ஹாஸ் பீன் ரிஜெக்டட்." யார் நிராகரித்தது என்று தெரிந்தால்தானே மேல்முறையீடு செய்ய முடியும்? அதைக் கண்டுபிடிக்க மட்டும் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கடிதம் எழுதியவர் பொய் சொல்லவில்லை. எனக்குத் தேவையான ஒரே தகவலை அந்த வாக்கிய அமைப்பு சுலபமாக விட்டுவிட அனுமதித்தது. "மிஸ்டேக்ஸ் ஹேப்பண்ட்" என்றும் ஒளியலாம் என்கிறீர்கள். சரி. ஆனால் "ரிஜெக்ட்" என்ற வினையைச் செய்வினையில் எழுதினால் ஆள் வந்தே தீர வேண்டும். அந்தக் கட்டாயம் எனக்கு வேண்டும். எழுதிப் பழகுகிறவருக்கு முதல் சில வருடம் கடுமையான விதி நல்லது. எங்கே மீறலாம் என்பதைப் பிறகு கற்றுக்கொள்ளட்டும்.

வகுப்பறை:
அங்கேதான் பயப்படுகிறேன் சார். கடுமையான விதியை முதலில் கற்றவர்கள் பிறகு அதை விடுவதில்லை. "வாஸ்" என்ற சொல்லைக் கண்டாலே பாசிவ் என்று அடிக்கிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். "ஷீ வாஸ் ரன்னிங்" செய்வினை. "தேர் வாஸ் எ டிலே" செய்வினை. உங்களை ஆத்திரப்படுத்துகிற மழுப்பல் அந்த இரண்டாவது வரியில் இருக்கிறது, ஆனால் உங்கள் விதி அதைத் தொடவே தொடாது.

செயப்பாட்டு வினை ஆளை மறைக்க மட்டுமே வருவதில்லை, ஆளை மேடையேற்றவும் வரும். "திஸ் போயம் வாஸ் ரிட்டன் பை எ டென் இயர் ஓல்ட்." இதைத் தமிழில் "எழுதப்பட்டது" போட்டா சொல்வோம்? "இந்தக் கவிதையை எழுதியது ஒரு பத்து வயதுப் பிள்ளை" என்போம். வியப்பு கடைசியில் வந்து விழ வேண்டும். நமக்கு "எழுதியது" செய்து கொடுக்கிறதை அவர்களுக்கு "வாஸ் ரிட்டன் பை" செய்து கொடுக்கிறது.

தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா உண்டு. செய்யப்படுகிற பொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்கிறது. உரைகாரர் காட்டும் உதாரணம், "திண்ணை மெழுகிற்று." திண்ணை மெழுகவில்லை, யாரோ திண்ணையை மெழுகினார்கள். ஆள் இல்லாமல் பேச வேண்டிய தேவை நம் இலக்கணத்துக்கும் அவ்வளவு பழைய பழக்கம்.

நீலமை:
எல்லாவற்றையும் படித்துவிட்டு 23 வரியையும் திரும்ப எடுத்தேன். 14 வரி படிக்கிறவர் செய்ய வேண்டிய வேலை. பிழைதிருத்தி சார் சொன்னதுதான் சரி, அத்தனையையும் நேர்க் கட்டளையாக்கிவிட்டேன். "ரிமூவ் தி கவர்", "டர்ன் தி நாப்" என்று இப்போது பளிச்சென்று இருக்கின்றன. 8 வரி உள்ளே தானாக நடப்பதையோ தொழிற்சாலையில் முன்பே செய்துவிட்டதையோ சொல்பவை. "தி சென்சார் இஸ் காலிப்ரேட்டட் அட் தி ஃபேக்டரி" மாதிரி. அவற்றைத் தொடவில்லை. மேலாளரிடம் காரணத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

மீதி அந்த வால்வு. "தி கன்ட்ரோலர் க்ளோசஸ் தி வால்வ் பிஃபோர் தி டேங்க் ஃபில்ஸ்."

பிழைதிருத்தி:
நல்ல வரி. ஆனால் மேடம், அந்த 8இல் ஒவ்வொன்றிலும் "யாரால்" என்று ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள். சென்சார் வரி தப்பிக்கும், தொழிற்சாலை அதிலேயே இருக்கிறது. மற்ற ஏழையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.