‘போரும் வாழ்வும்’ குளிர்கால நாவலாம்!

குன்னூர்வாசி: நேற்று இங்கே ஒருவர் அருளியது: “டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ தொடக்கம் முதல் கடைசிவரை பனிதான். கணப்பு மூட்டிக்கொண்டு டிசம்பரில் படிக்க வேண்டிய தடித்த புத்தகம்.” ஐயா முதல் பக்கத்தையாவது திறந்தாரா? கதை தொடங்குவது 1805 ஜூலை மாதம், அன்னா பாவ்லோவ்னாவின் வரவேற்பறையில். ஜூலை!

சீகைவிறகு: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். நெப்போலியன் படை மாஸ்கோவிலிருந்து திரும்பியது வெயிலிலா?

குன்னூர்வாசி: அது கடைசியில் வருவது. நான் கேட்டது தொடக்கம். ஜூலை. அதுவும் ரஷ்யாவின் பழைய நாட்காட்டி, நம் கணக்குக்கு 12 நாள் பிந்தியது. நடுக்கோடை!

சீகைவிறகு: கதையில் நெப்போலியனோடு நடக்கும் ஆஸ்டர்லிட்ஸ் சண்டை டிசம்பர் 2.

குன்னூர்வாசி: பழைய நாட்காட்டியில் நவம்பர் 20. உங்கள் டிசம்பரும் போயிற்று.

சீகைவிறகு: நடாஷாவும் நிக்கோலாயும் மாறுவேடம் போட்டுக்கொண்டு சறுக்குவண்டியில் போகும் இரவு? அந்தப் பக்கங்களைச் செல் அரித்துவிட்டதா?

ஏரிக்கரை: புத்தகத்தில் பனி இருந்தால்தான் குளிரில் படிக்க வேண்டுமா? அதில் 361 அத்தியாயங்கள். மார்கழி, தை இரண்டு மாதத்தில் முடிக்க நாளுக்கு ஆறு. பேசாமல் ‘பொன்னியின் செல்வன்’ எடுங்கள், ஐந்தே பாகம்.

குன்னூர்வாசி: அதன் முதல் அத்தியாயம் ‘ஆடித்திருநாள்’. வீராணம் ஏரி, ஆடிப்பெருக்கு. அதுவும் ஜூலை!

ஏரிக்கரை: ஆடிப் பதினெட்டு ஆகஸ்டில் வரும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள்.

பழையதாள்: தலைப்பே தப்பு, மாதத்துக்கு என்ன சண்டை? ரஷ்யத் தலைப்பில் இருப்பது ‘அமைதி’. தமிழில் மொழிபெயர்த்த டி.எஸ். சொக்கலிங்கம் ‘வாழ்வு’ என்று போட்டதை நான் ஒப்புக்கொண்டதே இல்லை.

சீகைவிறகு: அமைதி என்பது நூலகச் சுவரில் மாட்டும் பலகை. நாவலுக்கு வாழ்வுதான் பொருந்தும்.

குன்னூர்வாசி: பழையதாள் அவர்களே, போன மழைக்காலத்தில் என்னிடம் வாங்கிப்போன இரண்டாம் பாகம் எங்கே? அதைக் கொடுத்துவிட்டுத் தலைப்பைத் திருத்துங்கள்.

பழையதாள்: பொதுவில் கேட்கிற கேள்வியா இது? முதல் பாகத்தை நீங்கள் தரவே இல்லை. இரண்டாம் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

குன்னூர்வாசி: முதல் பாகம் கொடுத்திருந்தால் ஜூலை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஏரிக்கரை: அப்படியானால் புத்தகம் அவரிடம் இருப்பது உண்மைதானே?

சீகைவிறகு: ஊட்டியில் நேற்றிரவு உறைபனி. கணப்பில் சீகைக் கட்டை எரிகிறது, மடியில் புத்தகம். குன்னூர்வாசி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தம் ஜூலையைப் படிக்கட்டும்.

குன்னூர்வாசி: குன்னூர் வீட்டில் மின்விசிறியா? இதையும் திறந்து பார்க்காமலேதான் எழுதுகிறீர்கள்.