வங்கக் கடல் மீன்களுக்கென்று சென்னையில் ஒரு பொதுக் காட்சியகம் தேவையா?

நெய்தல்வாசி:
கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள தனியார் காட்சியகத்தைப் பார்த்துவந்த நண்பர்கள் பலர் கண்ணாடிக் குகையையும் அமேசான் மீன்களையும் வியந்து எழுதுகிறார்கள். நாட்டின் முதல் மீன் காட்சியகமாகக் கருதப்படுவது 1909-இல் நம் மெரினாவில் திறக்கப்பட்டது. அந்த மரபுள்ள ஊரில், வங்கக் கடலின் உயிரினங்களை மட்டுமே காட்டும் காட்சியகம் ஒன்றை அரசு அமைக்க வேண்டும் என்பது என் கருத்து.

காசிமேட்டுக்காரன்:
மறுக்கிறேன். விடியற்காலை ஏலத்தில் காசில்லாமல் பார்க்கக்கூடிய மீனைக் கட்டணம் கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்? மேலும், மக்களுக்கு நன்கு பழக்கமான வஞ்சிரமும் சூரையும் ஓயாமல் நீந்தினால்தான் அவற்றின் செவுள்களில் போதிய நீர் பாயும் என்பதால், சிறிய சதுரத் தொட்டியில் மூலைக்கு மூலை முட்டி மூக்குடைந்து சாகும்.

நெய்தல்வாசி:
வஞ்சிரத்தை வைக்கச் சொல்லவில்லை. நாக்கு மீனை வையுங்கள். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கண்களில் ஒன்று, வளர வளரத் தலையைச் சுற்றி நகர்ந்து மறுபக்கம் சேர்ந்துவிடும். பிறகு அது ஆயுள் முழுவதும் மணலில் ஒருக்களித்தே கிடக்கும். ஏலக் கூடையில் இதை யார் கவனித்தார்கள்? ஆணாக முதிர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் கொடுவாவும் இருக்கிறது. கலிபோர்னியாவின் மான்டரேயில், பழைய மத்தி மீன் பதப்படுத்தும் ஆலை இருந்த இடத்தில் 1984-இல் திறந்த காட்சியகம், தன் வளைகுடாவின் நீரையே குழாய்வழி எடுத்து அங்குள்ள உயிரினங்களை முன்னிறுத்தித்தான் புகழ்பெற்றது.

அடையாறு வாசகி:
குழாய் போடுவதற்கு முன் நம் கடலைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்க்கும் கலங்கல் நீர் எந்த வடிகட்டியையும் திணறடிக்கும். தவிர, ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கே வருகின்றன. மாணவர்கள் 1988 முதல் இரவு நடை நடத்தி அந்த முட்டைகளைக் காக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் எதற்குத் தேட வேண்டும்?

நெய்தல்வாசி:
நள்ளிரவில் மணலில் பல கிலோமீட்டர் நடக்க எல்லா முதியவர்களாலும் முடியுமா, அம்மா? நீரைப் பொறுத்தவரை, நெம்மேலி நிலையம் 2013 முதல் கடல்நீரை எடுத்துத்தான் குடிநீராக்குகிறது. ஆற்று முகத்துவாரங்களிலிருந்து தள்ளியுள்ள இடத்தைத் தேர்ந்தால் போதும்.

காசிமேட்டுக்காரன்:
நீர் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். 2016 டிசம்பரில் வர்தா புயலடித்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. காற்றூட்டும் இயந்திரம் நின்றால் நெரிசலான தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீன்கள் மூச்சுத் திணறும். மாற்று மின்சாரத்துக்கும் அதை இயக்கும் ஆளுக்கும் ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்குவதாகத் திட்டத்திலேயே எழுதினால் என் எதிர்ப்பில் பாதியைக் கைவிடுகிறேன். கட்டணத்தைப் பற்றிய மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது.