கலைச்சொல் உதவி: கருஞ்சட்டை / கறுப்புச் சீருடை / பாராமிலிட்டரி (திங்கக்கிழமைக்குள்ள)

செ. (ஆர்.கே.புரம்):
எல்லாருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப்போர் பத்தின ஒரு படப் புத்தகத்துக்குத் தமிழ்ல படக்குறிப்பு எழுதிட்டு இருக்கேன், திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. ஒரே பக்கத்துல மூணு பேர், மூணு பேருக்கும் கறுப்பு உடுப்பு: இத்தாலி பாசிசத் தலைவர் முசோலினியோட பிளாக்‌ஷர்ட் ஒருத்தன், ஹிட்லரோட நாஜிக் கட்சியில இருந்த எஸ்எஸ் படைக்காரன் ஒருத்தன், ஜெர்மன் டாங்கிக்காரன் ஒருத்தன். கருஞ்சட்டைன்னு போட்டா நம்ம ஊர்ல வேற ஆளுங்க ஞாபகம் வரும். பாராமிலிட்டரிக்கு துணை ராணுவம்னு போட்டா இங்க டெல்லில மெட்ரோ வாசல்ல நிக்கிற சிஐஎஸ்எஃப்தான் மனசுல வருது. சொல் குடுங்க.

வே. (கரோல் பாக்):
கருமை + சீருடை = கருஞ்சீருடை. ஈறு போகும், இனம் மிகும், நன்னூல் வழி சுத்தமா இருக்கு. இன்னும் சுருக்கமா வேணும்னா காருடை, காரிருள் மாதிரி ஆதி நீண்டு வரும்.

மு. (மயூர் விஹார்):
காருடைன்னா கார் ஓட்டுறவர் உடைன்னுதான் படிப்பாங்க ஐயா. அப்புறம், கருப்பா கறுப்பா? தொல்காப்பியர் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள'ன்னு சொல்லிட்டு அடுத்த நூற்பாவுலயே நிறத்துக்கும் வரும்ங்கிறார். கருப்புன்னா பஞ்சம்னு ஒரு பொருள் இருக்கு. மிரட்டுறதுக்குன்னே போட்ட உடுப்புக்கு வெகுளி சொல்ற வல்லின றகரம்தான் பொருத்தம்.

ந. (முனிர்கா):
நான் ராணுவத்துல இருந்தவன், இலக்கணம் உங்க அளவுக்குத் தெரியாது, ஆனா மூணு பேரையும் ஒரே சொல்லுல கட்டாதீங்கம்மா. இத்தாலிக்காரன் கறுப்பு முதல் உலகப்போர்ல அர்திதின்னு ஒரு அதிரடிப்படை இருந்தது பாருங்க, 1917ல ஆரம்பிச்சது, அவங்க கிட்ட இருந்து வந்தது, 1922ல ரோம் மேல படையெடுப்புன்னு போனவங்க போட்டிருந்தது அதுதான். எஸ்எஸ் கறுப்பு 1932. அதை ஹ்யூகோ பாஸ் வடிவமைச்சார்னு எல்லாரும் சொல்றாங்க, தப்பு, வடிவமைச்சது டீபிட்ஷ், ஹெக்னு ரெண்டு பேர், பாஸ் தைச்சுக் குடுத்த கம்பெனிகள்ல ஒண்ணு. டாங்கிக்காரன் கறுப்புக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே கிடையாது, 1934ல வந்தது, கிரீஸும் ஆயிலும் பட்டா கறை தெரியக்கூடாது, அவ்வளவுதான். அடையாளம் பாருங்க: டாங்கிக்காரனுக்கு இடுப்பு வரைக்கும் குட்டை ஜாக்கெட், முன்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு மடியும், காலர் ரெண்டு பக்கமும் மண்டையோடு. எஸ்எஸ்காரனுக்கு நீள கோட்டு, இடது கையில சிவப்புப் பட்டை, மண்டையோடு தொப்பியில. மண்டையோட்டைப் பாத்ததுமே எஸ்எஸ்னு எழுதிடாதீங்க, அது பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவோட 18ஆம் நூற்றாண்டு குதிரைப்படை காலத்துல இருந்தே வர்ற சின்னம்.

வே.:
நல்ல தகவல். சட்டைக்குக்கூட நமக்குப் பழஞ்சொல் இருக்கு, முல்லைப்பாட்டுல பாசறையில காவல் நிக்கிற யவனர் 'மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து' வர்றாங்க. மெய்யை மூடுற பை. போர்ச்சூழல், அயல்நாட்டான், பயம், மூணும் அந்த ஒரு இடத்துல இருக்கு. கருமெய்ப்பை?

மு.:
அழகான சொல். ஆனா பத்தாவது படிக்கிற பையன் படிக்கப்போற புத்தகம் அது.

த. (ஜனக்புரி):
கருஞ்சட்டையை முசோலினி ஆளுக்குக் குடுக்கவே கூடாது, இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். பெரியார் 1940கள்ல கருஞ்சட்டைப் படை அமைச்சது நம்ம மேல சுமத்தின இழிவைக் காட்ட. 1946ல மதுரை மாநாட்டுப் பந்தலையே கொளுத்தினாங்க. அடிபட்டவன் போட்ட சட்டைக்கும் அடிச்சவன் போட்ட சட்டைக்கும் ஒரே பேரா?

மு.:
உங்க கோவம் புரியுது தோழர். ஆனா நிறத்தோட பேரை ஒரு இயக்கத்துக்கு மட்டும் எழுதி வைக்க முடியாதே. மானேசர்ல இருக்கிற என்எஸ்ஜி கமாண்டோ படையை 1984ல இருந்து கறுப்புப் பூனைப் படைன்னுதான் சொல்றோம், யாரும் குழம்பல.

ந.:
கமாண்டோ கறுப்பு தனிக் கதை. 1980 மே மாசம் லண்டன்ல ஈரான் தூதரகத்துக்குள்ள பிரிட்டிஷ் கமாண்டோ படையான எஸ்ஏஎஸ் கறுப்பு ஓவரால்ல பூந்ததை உலகமே டிவில பாத்தது. அதையும் இந்தப் பக்கத்தோட சேக்காதீங்க.

செ.:
எல்லாருக்கும் நன்றி. தலைப்பு 'கறுப்புச் சீருடைகள்'. இத்தாலிக்காரனுக்கு 'பாசிசக் கறுப்புச்சட்டையர்', கருஞ்சட்டை வேண்டாம், த. அண்ணன் சொல்றது நியாயம். மூணாமத்தவன் 'டாங்கிப் படை வீரர்'. எஸ்எஸ்ஸுக்கு 'நாஜிக் கட்சிப்படை', ஏன்னா துணை ராணுவம்னா அரசாங்கத்தோடது, இது கட்சியோடது. ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லுங்க.

மு.:
சரி.

த.:
சரி.

வே.:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுறேன். கருஞ்சீருடைதான் சரின்னு என் கருத்தையும் பதிவு பண்ணிக்கோங்க, 'கறுப்புச் சீருடை' வெறும் ரெண்டு சொல், கலைச்சொல் ஆகாது.

ந.:
கட்சிப்படைங்கிறது 1930கள் படத்துக்கு சரிம்மா. போர்ல ராணுவத்தோட சேந்து சண்டை போட்ட வாஃபன் எஸ்எஸ்ஸும் அதே அமைப்புதான், அவங்கள்ல டாங்கிக்காரங்களைத் தவிர மத்தவங்க சண்டைக்குப் போட்டது கறுப்பு இல்ல, சாம்பல் பச்சை. அடுத்த அத்தியாயத்துல அவங்க படம் வந்தா இந்தச் சொல் தாங்காது, அப்ப திரும்ப கேளுங்க.