உள்ளேயே முறிந்து நின்ற போல்ட்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கோத்தகிரியிலிருந்து

வணக்கம். எங்கள் ஹட்டி (படுகர் கிராமம்) கோத்தகிரிக்குப் பக்கத்தில்தான். கொஞ்சம் தேயிலை, வாசலில் அப்பா ஓட்டிய பழைய மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். மார்கழி பிறந்ததிலிருந்து அதில் ஹீட்டர் சூடு தரவில்லை. விடியற்காலையில் முன் கண்ணாடி முழுக்க மூடிக்கொள்கிறது, ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளும் அடியைவிட்டு எழவில்லை. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

சமவெளியில் பலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டே ஓட்டுகிறார்கள். இங்கே அது சரிப்படாது. எஞ்சின் சூடேறாமல் ஓடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஹீட்டரும் வராது. அதனால் புதிது வாங்கிவந்து சனிக்கிழமை நானே மாற்ற உட்கார்ந்தேன்.

தெர்மோஸ்டாட் மூடியைப் பிடித்திருப்பது இரண்டே 6 மில்லி போல்ட். 10-ஆம் நம்பர் ஸ்பானர். முதல் போல்ட் சத்தமில்லாமல் வந்துவிட்டது. இரண்டாவது கால் சுற்று திரும்பியது. அப்புறம் கைக்கு ஒரு மாதிரி மெத்தென்று இருந்தது. தலை சுற்றுகிறது, ஆனால் போல்ட் மேலே எழவில்லை. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. 'டக்' என்றது. தலை ஸ்பானருக்குள் வந்துவிட்டது.

காரணம் பிறகு தெரிந்தது. பல வருஷமாக ரேடியேட்டரில் கூலண்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறோம். மூடி அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் ஈரம் நின்றால் அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகிறது. அந்த மாவு போல்ட்டைச் சுற்றி இறுகிச் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் துருகூட இல்லை.

மூடி முறிந்த தண்டிலேயே ஒட்டிக்கொண்டது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, மரச் சுத்தியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டித் தட்டி, அந்தத் தண்டையே அச்சாக வைத்துச் சிறிது சிறிதாகச் சுற்றியதில் இரண்டு மணி நேரத்தில் கழன்றது. அப்போது ஒரு சென்டிமீட்டர் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிழைத்தோம் என்று வைஸ் கிரிப் (பூட்டிக்கொள்ளும் பிளையர்) போட்டுத் திருப்பினேன். அதுவும் முறிந்தது, இந்தத் தடவை மட்டமாக, விரல் நகம்கூடச் சிக்காத அளவுக்கு.

இப்போது நிலைமை இதுதான். பஸ் பிடித்துப் போய் முறிந்த போல்ட்டைக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டர் செட் ஒன்று வாங்கிவந்திருக்கிறேன். நடுவில் துளை போட்டு அதை இறக்கலாமா? செய்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வண்டியை டிராலியில் ஏற்றிக் கீழே கொண்டுபோகும் செலவை நினைத்தாலே தூக்கம் வரவில்லை.


குன்னூரிலிருந்து

தம்பி, எக்ஸ்ட்ராக்டரை அப்படியே பெட்டியில் வையுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

நான் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ட்ரையர் பக்கத்து போல்ட்களைப் பார்த்தவனுக்கு முறிந்த போல்ட் புதிதல்ல. எப்போதும் சூடு, எப்போதும் தூசி. ஒவ்வொரு பராமரிப்பிலும் நாலைந்தாவது முறியும்.

யோசித்துப் பாருங்கள். 6 மில்லி முழுத் தண்டைத் திருப்பியே அது வரவில்லை, முறிந்தது. அதற்குள் 3 மில்லி துளை போட்டு, அதைவிட மெல்லிய எக்ஸ்ட்ராக்டரை வைத்துத் திருப்பினால் எது முதலில் முறியும்? எக்ஸ்ட்ராக்டர்தான். அது கடினப்படுத்திய எஃகு. வளையாது, நேராக உடையும். உடைந்து உள்ளே போனால் சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்கும், வெட்டாது. இன்றைக்கு இருக்கிற சிக்கல் நாளைக்கு இரட்டிப்பாகும். அதோடு அதன் உருவமே கூம்பு. இறக்க இறக்க போல்ட்டை வெளிப்பக்கமாக விரித்து இன்னும் இறுக்கும். இறுக்கம் இல்லாமல் தலை மட்டும் போன போல்ட்டுக்குத்தான் அது உதவும். அரித்துப் பிடித்த போல்ட்டுக்கு உதவாது.

வெல்டிங் வசதி இருந்தால் முறிந்த முகத்தின்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக நிரப்பி வெல்ட் செய்து, சிவப்பு அடங்கியதும் திருப்புவார்கள். நட்டு பிடி கொடுக்கிறது என்பதைவிட அந்தச் சூடு போல்ட்டின் பிடிப்பை உடைக்கிறது என்பதே முக்கியம். எனக்கு மிகவும் பிடித்த முறை அது. ஆனால் உங்கள் இடம் பெட்ரோல் குழாய்க்குப் பக்கம், 6 மில்லி வேறு. வீட்டில் வேண்டாம். வேறெங்காவது வெல்ட் செய்பவர்கள் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றாமல் தொடவே கூடாது.

உங்களுக்கு நான் சொல்வது புஷ் முறை. கையால் துளை போட்டால் பிட் நடுவில் நிற்காது. இரும்பு கடினம், பக்கத்து அலுமினியம் மெத்து. பிட் மெத்தென்ற பக்கம் சரிந்து எஞ்சினைத் தின்றுவிடும். அதற்குத்தான் மூடியையே வழிகாட்டியாக்க வேண்டும். மூடியின் துளைக்குள் சிக்கென்று நுழையும் ஒரு சின்னக் குழாய், உள்ளே 3.2 மில்லி துளை. எந்த லேத் பட்டறையிலும் அரை மணி நேரத்தில் கடைந்து தருவார்கள். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இல்லாமல் மூடியை வைத்து, வந்துவிட்ட அந்த நல்ல போல்ட்டால் இறுக்கி, மற்ற துளையில் புஷ்ஷை இறக்கினால் பிட் நேராக நடுவில் போகும். போக வேறு வழியே இருக்காது.

ஆழம் கவனம். கழன்று வந்த போல்ட்டை அளந்து, பிட்டில் அந்த அளவுக்கு அடையாளமாக ஒட்டும் டேப் சுற்றுங்கள். தண்ணீர் போகும் வழியில் துணியை அடையுங்கள். சீவல் உள்ளே விழக் கூடாது. மெதுவான வேகம், நிறைய எண்ணெய்.


பூம்பாறையிலிருந்து

குன்னூர் ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. என் கதை வேற மாதிரி, ஆனா இதே பாடுதான்.

நான் கொடைக்கானல் மேல்மலையில டீசல் ஜீப்புல கேரட், பீன்ஸ், பூண்டு ஏத்துறவன். போன வருஷம் ஏத்தத்துல 'தட் தட்'னு சத்தம், கேபின்ல புகை வாசம். எஞ்சின் புகையை வெளியேத்துற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடிக்கிற ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒண்ணு முறிஞ்சு, கேஸ்கெட் ஊதிருச்சு. வத்தலக்குண்டுக்கு இறங்கினா ஒரு நாள் லோடு போச்சு. அதனால வீட்டுலயே பார்த்தோம்.

எனக்கு அதிர்ஷ்டம், அரை இஞ்சு வெளிய நின்னுச்சு. நான் அவசரப்படலை. சாயங்காலம் எண்ணெய் விட்டேன், ராத்திரி படுக்கப் போறப்ப விட்டேன், விடிஞ்சதும் விட்டேன். மூணு நாள். நடுவுல சின்னச் சுத்தியால ஸ்டட் முனையில நேரா தட்டுறது. பலமா இல்ல, கதவைத் தட்டுற மாதிரி. அந்த அதிர்வுலதான் எண்ணெய் மரைக்குள்ள இறங்கும்.

மூணாம் நாள் பெட்ரோல், எண்ணெய் எதுவும் பக்கத்துல இல்லாம சுத்தமா துடைச்சுட்டு, கேஸ் டார்ச்சால ஸ்டட்டைச் சுத்தி எஞ்சின் ஹெட்டைச் சூடு காட்டினேன். ஹெட்டு அலுமினியமா இருந்தா ரொம்பக் கவனம் அண்ணே. இரும்பு சிவந்து நமக்குச் சொல்லும். அலுமினியம் நிறம் மாறாமலே 660 டிகிரியில உருகிரும். என்னோடது வார்ப்பிரும்பு, அதனால தைரியமா காட்டினேன். சூட்டோட மெழுகுவத்தியை மரை ஓரத்துல வெச்சா உருகி உள்ள இழுத்துக்குது. அப்பறம் வைஸ் கிரிப். ஒரே பக்கமா திருப்பல. கொஞ்சம் இறுக்கு, கொஞ்சம் தளர்த்து, கொஞ்சம் இறுக்கு. மொத நகர்வு கண்ணுக்கே தெரியல, கைக்குத்தான் தெரிஞ்சுது. முழுசா வெளிய வர முக்கால் மணி நேரம் ஆச்சு.

புது ஸ்டட்டுக்கு இப்ப பித்தளை நட்டுதான் போடுறேன். எக்ஸாஸ்ட் சூட்டுல இரும்பு நட்டு ஸ்டட்டோட ஒட்டிக்கும், பித்தளை ஒட்டாது.


ஊட்டியிலிருந்து

அண்ணா, எக்ஸ்ட்ராக்டரை உள்ளேயே உடைத்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு போல்ட். நானும் தம்பியும் துளை போட்டு, எக்ஸ்ட்ராக்டரை இறக்கி, மரை வெட்டும் டேப்பின் பிடியால் திருப்பினோம். உடைந்தபோது கண்ணாடி நொறுங்கிய மாதிரி சத்தம். பிறகு வாங்கிய மூன்று ட்ரில் பிட்டும் முனை மழுங்கியதுதான் மிச்சம். மேனிஃபோல்டை முழுதாகக் கழற்றித் துணியில் சுற்றி, மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தோம். அங்கே பொறி அரிப்பு இயந்திரம் இருக்கிறது. எண்ணெய்த் தொட்டிக்குள் வேலையை வைத்து, ஒரு செப்புக் கம்பியை அருகில் கொண்டுபோய், மின்பொறியாலேயே எக்ஸ்ட்ராக்டரைத் துளித் துளியாகக் கரைக்கிறார்கள். எவ்வளவு கடினமான எஃகானாலும் அதற்கு ஒன்றுதான். கம்பி தொடுவதே இல்லை, அதனால் மரைக்கும் சேதமில்லை. அரை நாள் நின்று பார்த்தேன், அவ்வளவு அழகான வேலை.

ஆனால் அந்தச் செலவில் ஒரு நல்ல ட்ரில் செட்டும் மரை டேப் செட்டும் வாங்கியிருக்கலாம். உங்கள் எஞ்சின் பாகம் கழற்றிக் கொண்டுபோகக் கூடியதா என்று முதலில் பாருங்கள். கழற்ற முடியாத இடமென்றால் எக்ஸ்ட்ராக்டரைத் தொடவே வேண்டாம்.


கூடலூரிலிருந்து

ஒரே ஒரு விஷயம். இடப்பக்கம் சுற்றும் ட்ரில் பிட் கிடைத்தால் அதை வாங்குங்க. துளை போடும்போதே கழற்றும் திசையில் சுற்றுவதால் சில நேரம் போல்ட் தானாகவே பிட்டோடு ஏறி வந்துவிடும். எனக்கு ஒரு தடவை வந்தது. வராவிட்டாலும் நஷ்டமில்லை, துளை போட்டதாக ஆகும்.

துளை சரிந்து மரை கெட்டுப் போனாலும் பயப்பட வேண்டாம், ஹெலிகாயில் இருக்கிறது. என் வண்டியில் ஆயில் சம்ப் மரையையே அப்படித்தான் மீட்டேன். பழைய மரையை விட ஹெலிகாயில் மரை உறுதியாக இருக்கும், ஏனென்றால் அலுமினியத்துக்குப் பதில் எஃகுச் சுருள் போல்ட்டைப் பிடிக்கிறது.


மறுபடியும் கோத்தகிரியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. எட்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

எக்ஸ்ட்ராக்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குன்னூர் ஐயா சொன்னபடி லேத்தில் புஷ் கடைந்து வாங்கினேன். கடைந்தவர் மூடியைக் கையில் வாங்கித் துளையை அளந்து, 'உள்ளே ஆடாத மாதிரி கொடுக்கிறேன்' என்று அங்கேயே செருகிப் பார்த்துத்தான் கொடுத்தார். கூடலூர்க்காரர் சொன்ன இடப்பக்க பிட்டுக்கு அலைந்தேன், கிடைக்கவில்லை. சாதாரண பிட்டிலேயே செய்தேன்.

மூடியை இறுக்கி, தண்ணீர் வழியில் பழைய வேட்டித் துணியை அடைத்து, 3.2 மில்லி பிட்டை இறக்கினேன். முதல் இரண்டு நிமிஷம் உயிரே கையில் இல்லை. வெளியே வந்த சீவலைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. வெள்ளி நிறத்தில் மெத்தென்று வந்தால் அலுமினியம், கருத்துச் சுருள் சுருளாக வந்தால் இரும்பு. எல்லாம் கருப்புச் சுருள். பிட்டில் சுற்றிய ஒட்டும் டேப் தொட்டதும் நிறுத்தினேன். பிறகு புஷ்ஷை எடுத்துவிட்டு 4, அப்புறம் 4.8. முதல் துளை நடுவில் இருந்ததால் பெரிய பிட்கள் தானே அதன் வழியில் போயின.

4.8-க்குப் பிறகு உள்ளே மிச்சம் இருந்தது தகடு மாதிரி ஒரு சுவர்தான். கோணி ஊசியின் முனையால் ஓரத்தை உள்ளே நெம்பினேன். ஒரு சுற்று பிரிந்தது. நோஸ் பிளையரால் பிடித்து இழுத்தேன், ஸ்பிரிங் மாதிரி முழுசாக வந்துவிட்டது. அலுமினிய மரை ஒரு இழைகூடக் கெடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தச் சுருளை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

6 மில்லி மரை டேப்பை எண்ணெயோடு இறக்கினேன். அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று சுத்தம் செய்து, துணியை எடுத்து ஊதிவிட்டேன். புதுத் தெர்மோஸ்டாட், புது கேஸ்கெட், புது போல்ட் இரண்டு. மரையில், போல்ட் மறுபடி ஒட்டிக்கொள்ளாமலிருக்க, ஆன்டி சீஸ் கிரீஸ் மெலிதாகத் தடவினேன். இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லாதவர்களுக்கு: ஸ்பானரில் போல்ட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி பத்துக் கிலோ அழுத்தினால் ஏறக்குறைய அந்த அளவு. கிரீஸ் போட்ட மரைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவே போதும். ரேடியேட்டரில் இந்தத் தடவை வெறும் தண்ணீர் இல்லை, கூலண்ட். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், விடியற்காலையில் உறைபனியும் விழும். இந்த இரண்டு ஓரத்துக்கும் நடுவில் ஓடுகிற எஞ்சினுக்கு இத்தனை வருஷமும் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம்.

இன்றைக்கு விடியற்காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தேன். புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஏழெட்டு நிமிஷத்தில் முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது. ஹீட்டரைத் திருப்பினேன். கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து ஈரம் விலகி விலகி மேலே போனது. எதிரே எங்கள் தேயிலைச் சரிவு தெரிந்தது.