புதுப்பிப்பு: ஜாடியில் வைத்த காய்ந்த புல் கதிர்கள் இப்போது உதிர்வதில்லை

குளிர்காலத்துக்காகத் தோட்டத்துப் புல் கதிர்களை ஜாடியில் வைத்தால் மேசையெல்லாம் பஞ்சாக உதிர்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, முழுசாக விரியும் முன்பே வெட்டச் சொன்ன யோசனைதான். கதிர் பாதி வெளிவந்ததுமே வெட்டி, இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில் 3 வாரம் தலைகீழாகத் தொங்கவிட்டேன். முற்றிய கதிர்களுக்கு ஹேர் ஸ்ப்ரே அடித்ததில் உதிர்வது குறைந்தது, நிற்கவில்லை.

எதிர்பாராத ஒன்று: தொங்கவிட்டவை குச்சி மாதிரி விறைப்பாகிவிட்டன. இடமில்லாமல் வெறும் ஜாடியில் நிமிர்த்தி உலர்த்திய நான்கைந்து மட்டும் தன் பாரத்திலேயே அழகாக வளைந்து காய்ந்தன. இப்போது விறைப்பானவை நடுவில், வளைந்தவை விளிம்பில். தண்ணீர் ஊற்றவில்லை, ஊற்றினால் தண்டு அழுகிவிடும். சாயங்கால வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு மயிரிழையும் தனித்தனியாக மின்னுகிறது.